2எஸ்கே170: மெல்லிய குரல்களைக் கேட்ட காது

தோஷிபாவின் 2எஸ்கே170 இனிமேல் இல்லை. ஜப்பானில் அதன் உற்பத்தி நின்று நீண்ட காலம் ஆகிவிட்டது. உற்பத்தி நின்ற பிறகும் ஒரு மின்னணுப் பாகம் கொஞ்ச காலம் உயிரோடிருக்கும். கடை இழுப்பறைகளில் கிடக்கும், பழுது பார்ப்பவர்களின் தகர டப்பாக்களில் கிடக்கும், கழற்றிப் போட்ட ஆம்ப்ளிஃபயர்களின் பலகைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கடைசிக் கையிருப்பும் இப்போது ஏறத்தாழத் தீர்ந்துவிட்டது. கண்டியிலோ கொழும்பு புறக்கோட்டையிலோ பெயர் சொல்லிக் கேட்டால், அதே பெயரை அச்சிட்ட வேறொன்றுதான் கைக்கு வருகிறது. அசலைத் தேடி அலைவதில் இனிப் பயனில்லை. ஆகவே இந்த இரங்கல்.

அதைப் பார்த்திராதவர்களுக்கு முதலில் அதன் உருவத்தைச் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் அகலமுள்ள கறுப்புப் பிளாஸ்டிக் உடல், ஒரு பக்கம் தட்டை, கீழே மூன்று கால்கள். தட்டையான முகத்தில் ‘கே170’ என்று இருக்கும். அதோடு ஜிஆர், பிஎல், வி என்ற எழுத்துகளில் ஏதேனும் ஒன்று சேர்ந்திருக்கும். பச்சை, நீலம், ஊதா என்ற நிறங்களின் ஆங்கிலப் பெயர்களிலிருந்து வந்த குறிகள் அவை. அந்த டிரான்சிஸ்டர் தன் போக்கில் எவ்வளவு மின்னோட்டத்தை விடும் என்பதை அவை சொல்லும். ஜிஆர் என்றால் 2.6 முதல் 6.5 மில்லிஆம்பியர், பிஎல் என்றால் 6 முதல் 12, வி என்றால் 10 முதல் 20. ஜப்பானியத் தர முறைப்படி 2எஸ்கே என்ற முன்னெழுத்துகள் என்-வகைப் புல விளைவு டிரான்சிஸ்டருக்கு உரியவை. இதன் எதிர்த்துணையான பி-வகைக்கு 2எஸ்ஜே74 என்று பெயர். அந்தத் துணை முன்னதாகவே போய்விட்டது.

இதைத் தொழிலில் நாங்கள் ஜெஃபெட் என்போம். உயர்தரப் பௌதிகவியல் மாணவர்களுக்கு இது சந்திப் புல விளைவு டிரான்சிஸ்டர். முதல், வடிகால், படலை என்று அதற்கு மூன்று முனைகள். முதலுக்கும் வடிகாலுக்கும் நடுவே சிலிக்கனில் ஒரு கால்வாய். படலைக்குக் கொடுக்கும் எதிர் வோல்ட்டு அந்தக் கால்வாயை இரு பக்கமும் நெருக்கும். ரப்பர் குழாயில் தண்ணீர் ஓடும்போது, தண்ணீரைத் தொடாமல் வெளியிலிருந்து குழாயை விரலால் அழுத்தி ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கிறோம் அல்லவா, அதே வேலை. அழுத்தும் விரலுக்குத் தண்ணீர் செலவில்லை. படலைக்கும் மின்னோட்டம் செலவில்லை. இந்தப் பாகத்தின் பெருமை முழுவதும் அந்த ஒரு குணத்திலிருந்தே கிளைக்கிறது.

ஜெஃபெட் குடும்பத்தின் வரலாறு நீண்டது. மின்புலத்தால் மின்னோட்டத்தை ஆளலாம் என்ற எண்ணத்துக்கு ஜூலியஸ் லிலியன்ஃபெல்ட் 1925இலேயே காப்புரிமை கேட்டார். அதைச் செய்து காட்டும் தூய்மையுள்ள பொருள் அன்று உலகில் இல்லை. 1945இல் ஜெர்மனியின் ஹைன்ரிக் வெல்க்கர் சந்தி வடிவத்தை முன்வைத்தார். 1952இல் பெல் ஆய்வுக்கூடத்தின் வில்லியம் ஷாக்லி அதன் கோட்பாட்டை முழுமையாக எழுதினார். அடுத்த ஆண்டு டேசியும் ராஸும் அதே கூடத்தில் வேலை செய்யும் ஒன்றை உருவாக்கினார்கள். 1960களில் 2என்3819 போன்றவை பொழுதுபோக்காகச் சுற்றமைப்பவர்களின் மேசைகளுக்கு வந்தன. இந்தியப் பொறியியல் கல்லூரிகளில் பிஎஃப்டபிள்யூ10 என்ற உலோகத் தொப்பி ஜெஃபெட்டை வைத்துப் பல தலைமுறை மாணவர்கள் வளைவுகள் வரைந்திருக்கிறார்கள். 2எஸ்கே170 அந்தக் குடும்பத்தில் பின்னால் பிறந்த பிள்ளை. அது பிறந்த வீடு, 1970களின் ஜப்பானிய ஒலிக்கருவித் தொழில்.

அந்தத் தொழிலுக்கு அப்படி ஒன்று தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. ஜப்பானின் என்எச்கே வானொலியோடு சேர்ந்து டெனான் நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் டிஎல்-103 என்ற இசைத்தட்டு ஊசித்தலையை உருவாக்கியது. இசைத்தட்டின் பள்ளத்தில் ஊசி அசையும்போது அதன் மறுமுனையிலுள்ள நுண்ணிய சுருள் காந்தப்புலத்தில் ஆடும். அதிலிருந்து வருவது வெறும் 0.3 மில்லிவோல்ட். சுருளின் மின்தடை 40 ஓம். இவ்வளவு மெல்லிய சைகையைக் கேட்கத்தக்க ஒலியாக்க ஆயிரக்கணக்கான மடங்கு பெருக்க வேண்டும். அப்படிப் பெருக்கும்போது, பெருக்கும் கருவியின் சொந்த இரைச்சலும் கூடவே பெருகும்.

இரைச்சல் இல்லாத மின்பாகம் கிடையாது. எந்த ரெசிஸ்டரை எடுத்தாலும் அதனுள் இலத்திரன்கள் வெப்பத்தால் ஓயாமல் அலைந்துகொண்டிருக்கும். அந்த அலைச்சல் ஒரு சிறு வோல்ட்டாக வெளியே தெரியும். 1928இல் ஜான்சன் அதை அளந்தார், நைக்விஸ்ட் அதற்குச் சூத்திரம் கொடுத்தார். அறை வெப்பநிலையில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஒரு ஹேர்ட்ஸின் வர்க்கமூலத்துக்கு 4 நானோவோல்ட் இரைச்சல் தரும். டிஎல்-103இன் 40 ஓம் சுருளே 0.8 நானோவோல்ட் தரும். பெருக்கியின் முதல் டிரான்சிஸ்டர் இந்த அளவுக்கு அருகில் நின்றால்தான் ஊசி கொண்டுவந்தது ஊசி கொண்டுவந்தபடியே நம் காதுக்கு வரும்.

2எஸ்கே170இன் அளவு 0.95 நானோவோல்ட். 1 மில்லிஆம்பியர் ஓட்டத்தில், 1 கிலோஹேர்ட்ஸில், தோஷிபாவின் தரவுத்தாள் சொல்லும் வழக்கமான மதிப்பு இது. காதுக்குக் கேட்கும் 20 கிலோஹேர்ட்ஸ் அகலம் முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ 0.13 மைக்ரோவோல்ட். ஊசித்தலை தரும் சைகை இதைவிட ஈராயிரம் மடங்குக்கும் மேல் பெரியது. நான்கு டிரான்சிஸ்டர்களைப் பக்கம் பக்கமாக இணைத்தால் இரைச்சல் இன்னும் பாதியாகும். இதன் அண்ணன் 2எஸ்கே147 இன்னும் அமைதியானது, 0.75 நானோவோல்ட். ஆனால் அதன் உள்ளீட்டுக் கொள்ளளவம் 75 பிக்கோஃபாரட். தம்பிக்கோ 30தான். அமைதிக்கும் சுறுசுறுப்புக்கும் நடுவே சரியான இடத்தில் நின்றது 170.

குறைந்த இரைச்சலுள்ள டிரான்சிஸ்டர் இது ஒன்றுதானா என்று கேட்கலாம். சாதாரண இருமுனைவு டிரான்சிஸ்டர்களிலும் அமைதியானவை உண்டு. ஆனால் அவற்றை ஆளும் முனையான அடிவாய்க்கு ஒரு மின்னோட்டம் தேவை. 1 மில்லிஆம்பியரில் வேலை செய்யும் ஒரு நல்ல டிரான்சிஸ்டருக்கு 3 மைக்ரோஆம்பியர் அளவுக்கு அடிவாய் ஓட்டம் வேண்டும். அந்த ஓட்டத்துக்கென்று தனி இரைச்சல் உண்டு. 40 ஓம் சுருளில் அது தெரியாது. ஆனால் அதிகம் புழங்கும் காந்த ஊசித்தலைகளின் சுருளுக்கு அரை ஹென்றி வரை தூண்டுதிறன் இருக்கும். 10 கிலோஹேர்ட்ஸில் அதன் தடுப்பு 30 கிலோ ஓமைத் தாண்டும். அந்தச் சுருளில் அடிவாய் ஓட்டத்தின் இரைச்சல் 30 நானோவோல்ட்டுக்கு மேல் எழும். ஜெஃபெட்டின் படலை ஓட்டம் நானோஆம்பியரை எட்டுவதே அபூர்வம் என்பதால் இந்தத் தொல்லை அதற்கு இல்லை. புல விளைவு டிரான்சிஸ்டரின் மற்றொரு வகையான மோஸ்ஃபெட் இன்னொரு பக்கம். அதற்கும் படலை ஓட்டம் கிடையாது, ஆனால் அதன் கால்வாய் ஆக்சைடுப் படலத்தை ஒட்டியே ஓடுகிறது. அந்த எல்லையிலுள்ள குறைகளில் இலத்திரன்கள் மாட்டி மாட்டி விடுபடும். தாழ்ந்த அதிர்வெண்களில் அது கரகரப்பாகக் கேட்கும். ஜெஃபெட்டின் கால்வாய் சிலிக்கனின் உள்ளே புதைந்திருப்பதால் அந்தக் கரகரப்பும் குறைவு.

இந்தக் குணங்கள் மலைநாட்டில் எங்களுக்கு ஏன் அவ்வளவு முக்கியமாயின என்பதைச் சொல்ல வேண்டும்.

கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகும் ஏ26 வீதியில், தெல்தெனியவுக்கு அப்பால் ஏறினால் ஹுன்னஸ்கிரிய வரும். நக்கிள்ஸ் மலைத்தொடருக்குள் மீமுரேவுக்கும் கோர்பெட்ஸ் கேப்புக்கும் பிரிகிற பாதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. பனியும் மழையும் தேயிலையும் மிளகும் நிறைந்த ஊர். ஆனால் இலங்கை வானொலி ரசிகர்கள் பலருக்கு இந்தப் பெயர் பழக்கமானது வேறு காரணத்தால். பண்பலை ஒலிபரப்புக் கோபுரங்கள் நிற்கும் மலை இது. கண்டிப் பள்ளத்தாக்கில் கேட்கும் பாட்டுகளில் பல இந்த உயரத்திலிருந்து இறங்கி வருபவை.

கோபுரத்துக்கு அருகில் வாழ்கிறவருக்கு அதனால் ஒரு சிக்கல் உண்டு. பண்பலை 100 மெகாஹேர்ட்ஸை ஒட்டிய அலை, அலைநீளம் 3 மீட்டர். அதில் கால் பங்கு 75 சென்டிமீட்டர். ரெக்கோட் பிளேயரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் வயரின் நீளமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆகவே அந்த வயரே அன்டெனாவாகிவிடும். இருமுனைவு டிரான்சிஸ்டரின் அடிவாய்ச் சந்தி ஒரு டையோடு. வயர் பிடித்துக் கொடுக்கும் அலையை அது திருத்தி, பாட்டுக்குள் வேறொரு நிலையத்தின் முணுமுணுப்பைக் கலந்துவிடும். பக்கத்திலே ஜிஎஸ்எம் கைபேசி இருந்தால் அதன் 217 ஹேர்ட்ஸ் துடிப்பும் சேர்ந்து கேட்கும். ஜெஃபெட்டின் படலைச் சந்தி எதிர்ச்சாய்வில் மூடியே இருக்கிறது. அதன் வளைவும் மென்மையானது. அதனால் அலையைத் திருத்தும் குணம் அதற்கு மிகக் குறைவு. படலைக் காலில் ஒரு சிறு ஃபெரைட் மணியைக் கோத்துவிட்டால், கோபுரத்தின் நிழலிலும் ஒரு ப்ரீஆம்ப் (முன்பெருக்கி) அமைதியாக வேலை செய்யும். ஃபெரைட் மணிக்குப் பதில் ரெசிஸ்டரைப் போடக்கூடாது, அதுவே இரைச்சலைக் கூட்டும். இது புத்தகத்தில் மட்டும் இருக்கிற உண்மை அன்று. இந்த மலையில் ஒலிக்கருவி வைத்திருப்பவர்கள் காதால் அறிகிற உண்மை.

இந்தப் பாகங்கள் நம் நாட்டுக்கு வந்த வழியும் நினைவில் இருக்க வேண்டும். 1970 முதல் 1977 வரை இறக்குமதி கிட்டத்தட்ட மூடியிருந்த காலம். ஒரு வால்வு எரிந்தால் ரேடியோவே போய்விடும். 1977இல் பொருளாதாரம் திறந்தது. அதே காலத்தை ஒட்டி மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போவதும் தொடங்கியது. ஜப்பானியக் கசெட் ரெக்கோடர்கள் மலைநாட்டுத் தோட்டங்களின் லயங்கள் வரை ஏறி வந்தன. அவற்றோடு அவற்றின் பாகங்களும் பழுதுக் கடைகளுக்கு வந்தன. தகரக் கூரையின் கீழ், ஈயம் உருக்கும் கோலும் ஒரு மீட்டரும் மட்டும் வைத்திருந்த ஒருவருக்கு, டோக்கியோவின் சிறந்த ஆலையில் பயன்பட்ட அதே டிரான்சிஸ்டர் கையில் கிடைத்தது. அதை வைத்து அவர் செய்யும் ப்ரீஆம்ப்பின் முதல் படி, எந்தப் பெரிய நிறுவனத்தின் கருவிக்கும் அமைதியில் குறைந்ததாக இருக்காது. 2எஸ்கே170 செய்த நீதி அது. வசதியில்லாதவரின் கைக்கும் வசதியுள்ளவரின் கைக்கும் அது ஒரே அமைதியைத் தந்தது.

நான் அதை அதிகம் பயன்படுத்தியது கசெட்டுகளுக்காக. வெளிநாடு போனவர்கள் 1980களில் கடிதத்துக்குப் பதில் கசெட்டில் பேசி அனுப்பினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு மகளின் குரலே கடிதம். வீட்டிலிருந்தவர்கள் அதே நாடாவின் மறுபக்கத்தில் பேசித் திருப்பி அனுப்பினார்கள். தோட்டத்துத் திருவிழாக்களையும் காமன் கூத்தையும், சாவு வீட்டு ஒப்பாரியையும் சிலர் அதே ரெக்கோடரில் பதிந்து வைத்தார்கள். மலையகத்தின் வாய்மொழிப் பாடல்களைச் சி.வி. வேலுப்பிள்ளை எழுத்தில் திரட்டித் தந்தார். அந்தப் பாடல்களைப் பாடிய தொண்டைகள் எப்படி ஒலித்தன என்பதை எழுத்து சொல்லாது. அது இந்த நாடாக்களில்தான் இருக்கிறது. பெட்டியின் அடியில், மலைக் குளிரிலும் ஈரத்திலும் பூஞ்சை பிடித்து, ஒவ்வொரு ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாக அது அழிந்துகொண்டும் இருக்கிறது.

அவற்றைக் கணினிக்கு மாற்றும்போது முதலில் நிற்பது கசெட் இயந்திரத்தின் தலை. அதிலிருந்து வருவதும் ஒரு மில்லிவோல்ட்டின் பின்னம்தான். சாதாரண ரெக்கோடரில், மைக்கிலிருந்து தூரமாக நின்று பாடிய ஒரு பாட்டியின் குரல் அதிலும் சிறு பங்கு. நாடாவுக்கே உரிய ‘உஸ்’ ஒலியை எந்த ஆம்ப்ளிஃபயராலும் போக்க முடியாது. ஆனால் அதன் மேல் இன்னொரு ‘உஸ்’ ஏறாமல் காக்க முடியும். இங்கேயும் ஜெஃபெட்டின் குணம் கைகொடுத்தது. படலைக்கு மின்னோட்டம் தேவையில்லை என்பதால் நடுவில் கண்டென்சர் இல்லாமலே தலையை நேராக இணைக்கலாம். தலையின் சுருள் வழியே நேரோட்டம் பாயாது, தலை காந்தம் ஏறிக் கெடாது. அதிர்வெண் உயர உயரச் சுருளின் தடுப்பு கூடினாலும் புதிய இரைச்சல் சேராது.

முதல் படி ஏன் அவ்வளவு பெரிது என்பதை ஹரால்ட் ஃப்ரீஸ் 1944இல் ஒரு சூத்திரத்தில் காட்டினார். தொடர்ச்சியாகப் பெருக்கும் படிகளில் பிந்திய படியின் இரைச்சல், முந்திய படியின் பெருக்கத்தால் வகுபட்டுச் சிறுத்துவிடும். முதல் படியின் இரைச்சல் மட்டும் வகுபடாமல் முழுசாகக் கடைசி வரை வரும். முதல் படியில் சேர்ந்த அழுக்கைக் கடைசிப் படியில் கழுவ முடியாது. கணினியில் இரைச்சல் நீக்கும் மென்பொருள் இருக்கிறதே என்பார்கள். அது இரைச்சலோடு சேர்த்துப் பாடுகிறவரின் மூச்சையும் எடுத்துவிடும். ஒப்பாரியில் மூச்சு எவ்வளவு முக்கியம் என்பது கேட்டவர்களுக்குத் தெரியும்.

2எஸ்கே170உம் அதன் இனத்தாரும் உலகில் செய்த வேலைகள் இன்னும் பெரியவை. 1966இல் நோய்மான் நிறுவனம் நார்வே வானொலிக்காகத் தன் டிரான்சிஸ்டர் மைக்கை உருவாக்கியபோது, அதன் உள்ளே முதலில் நின்றது புல விளைவு டிரான்சிஸ்டர். அந்த வானொலியின் கலையகங்களில் அவசர விளக்குகளுக்கென்று 48 வோல்ட் மின்சாரம் ஏற்கெனவே இருந்தது. அந்த 48 வோல்ட்டே உலகம் முழுவதும் மைக்குகளுக்கான தரமாகிவிட்டது. ஜெரார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் 1960களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் கண்ட எலெக்ட்ரெட் மைக்கில், ஒவ்வொரு குப்பிக்குள்ளும் ஒரு சிறு ஜெஃபெட் அமர்ந்தது. தொலைபேசி, கசெட் ரெக்கோடர், காது கேட்கும் கருவி எல்லாவற்றிலும் குரலை முதலில் வாங்கிக்கொண்டது அதுதான். 2009இல் விண்ணுக்குப் போன பிளாங்க் விண்கலம், பிரபஞ்சத்தின் மிகப் பழைய ஒளியை 0.1 கெல்வின் குளிரில் வைத்த உணரிகளால் அளந்தது. அந்த உணரிகளின் சைகையை முதலில் ஏற்றவையும் ஜெஃபெட்டுகளே. அவ்வளவு குளிரில் சிலிக்கன் உறைந்து வேலை நிறுத்திவிடும் என்பதால், அவற்றை மட்டும் தனிப் பெட்டியில் சற்றுச் சூடாக வைத்திருந்தார்கள். ஒலிக்கருவி உலகில் ஜான் கர்ல், நெல்சன் பாஸ் போன்ற வடிவமைப்பாளர்கள் தோஷிபாவின் இந்தக் குடும்பத்தை நம்பியே பெயர் பெற்ற கருவிகளைச் செய்தார்கள்.

இப்படிப்பட்ட ஒன்று ஏன் இறந்தது? அதைவிடச் சிறந்தது வந்ததால் அன்று. அதைத் தாங்கிய தேவைகள் ஒவ்வொன்றாக விலகின. 1982இல் குறுந்தட்டு வந்தது. அதிலிருந்து வருவது பெரிய சைகை, முதல் படியில் இந்த அமைதி வேண்டியதில்லை. 1970களின் நடுப்பகுதியிலிருந்தே ஜெஃபெட்டை உள்ளே வைத்த ஐசிகள் வரத் தொடங்கியிருந்தன. டிஎல்071 போன்றவை மலிவு, எளிது, எங்கும் கிடைக்கும். அதன் இரைச்சல் 18 நானோவோல்ட், 170ஐப் போல ஏறத்தாழ 19 மடங்கு. ஆனால் பெரும்பாலான வேலைகளுக்கு அது போதும் என்று உலகம் முடிவு செய்தது. 2003 முதல் மெம்ஸ் மைக்குகள் பெருந்தொகையாக வந்து கைபேசிகளிலிருந்து எலெக்ட்ரெட் குப்பியைத் துரத்தின. அதோடு கோடிக்கணக்கான சிறு ஜெஃபெட்டுகளுக்கான சந்தையும் போனது.

செய்யும் முறையும் அதற்கு எதிராக நின்றது. இரைச்சல் குறைய வேண்டுமானால் சிலிக்கனின் பரப்பு பெரிதாக வேண்டும். பெரிய பரப்பென்றால் ஒரு தட்டிலிருந்து கிடைக்கும் எண்ணிக்கை குறையும். ஒன்றுக்கொன்று மின்னோட்டம் வேறுபடும் என்பதால் ஒவ்வொன்றையும் அளந்து ஜிஆர், பிஎல், வி என்று பிரிக்க வேண்டும். இவ்வளவும் செய்து, சில ரூபாய்க்கு விற்கும் ஒரு பாகம். கருவிகளைச் செய்யும் ஆலைகள் வேறு, நீண்ட கால்களுள்ள பாகங்களை விட்டுவிட்டுப் பலகையின் மேற்பரப்பில் ஒட்டும் சிறிய பாகங்களுக்கு மாறின. அந்தக் கணக்கில் 170க்கு இடம் இல்லாமல் போனது.

அது போன பிறகு போலிகள் வந்தன. வேறு மலிவான ஜெஃபெட்டின் முகத்தைத் தேய்த்து, ‘கே170 பிஎல்’ என்று அச்சிட்டு விற்கிறார்கள். வாங்கியவர் ஏமாறாமலிருக்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. 9 வோல்ட் பேட்டரியையும் மில்லிஆம்பியர் மீட்டரையும் எடுங்கள். படலையை முதலோடு சேர்த்துவிட்டு வடிகாலில் ஓடும் மின்னோட்டத்தைப் பாருங்கள். பிஎல் என்றால் 6க்கும் 12க்கும் இடையில் இருக்க வேண்டும். இதில் போலியும் தப்பிவிடலாம். ஆகவே அடுத்ததாக, படலைக்கு எதிர் வோல்ட்டைச் சிறிது சிறிதாகக் கொடுத்து ஓட்டம் எப்போது நிற்கிறது என்று பாருங்கள். அசல் 170 0.2க்கும் 1.5க்கும் இடைப்பட்ட வோல்ட்டில் அடங்கிவிடும், பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கு உள்ளேயே. இரண்டு, மூன்று வோல்ட் கேட்டு அடம்பிடிப்பது வேறு சாதி. அவ்வளவு சிறிய வோல்ட்டில் அவ்வளவு ஓட்டத்தை ஆளும் வல்லமைதான் அதன் குறைந்த இரைச்சலுக்கு மூலம். அந்த வல்லமையை அச்சு மையால் கொடுக்க முடியாது.

வம்சம் முற்றாக அற்றுப்போகவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவின் லீனியர் சிஸ்டம்ஸ் நிறுவனம் எல்எஸ்கே170 என்ற பெயரில் அதே குணங்களோடு ஒன்றைச் செய்கிறது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அண்மை ஆண்டுகளில் ஜேஎஃப்இ150 என்ற அமைதியான ஜெஃபெட்டைக் கொண்டுவந்திருக்கிறது. அறிந்தவர்களுக்கு அவை நம்பிக்கை தரும் பெயர்கள். ஆனால் அவை நம் ஊர்க் கடைக்கு வருவதில்லை. வெளிநாட்டிலிருந்து தருவித்து, தபால் செலவும் தீர்வையும் கட்டி, டாலரின் விலைக்கு வாங்க வேண்டும். 2022 நெருக்கடியில் ஒரு கண்டென்சருக்கே அலைந்த நாட்டில் அது எளிதான காரியம் அன்று. பல வடிவங்கள் மேற்பரப்பில் ஒட்டும் வகை, 3 மில்லிமீட்டருக்கும் சிறியவை. கண்ணாடி போட்ட வயதான பழுது பார்ப்பவர் கையால் ஈயம் வைக்கக் கூடியவை அன்று. நாம் இழந்திருப்பது ஆய்வுக்கூடங்களின் ஜெஃபெட்டை அன்று. மலையூரின் ஜெஃபெட்டை, பஸ் ஏறி டவுனுக்குப் போய்ப் பத்து வாங்கி வந்து, அளந்து, இணை சேர்த்து, இரவில் ஒரு ப்ரீஆம்ப் கட்டி முடிக்கலாம் என்ற நிலையை.

அந்த நிலையோடு ஒரு கல்வியும் போகிறது. இரண்டு 170ஐ இணை சேர்க்க உட்கார்ந்தவர், விரலின் சூடு பட்டாலே அளவு மாறுவதைப் பார்த்தார். காலையின் குளிரிலும் நண்பகலிலும் ஒரே டிரான்சிஸ்டர் வேறு எண் காட்டுவதைப் பார்த்தார். சூத்திரத்தில் படித்த வெப்ப அலைச்சலை ஹெட்ஃபோனில் காதால் கேட்டார். உயர்தரப் பரீட்சைக்கு வளைவு வரைகிற ஒரு மாணவிக்கு, அந்த வளைவு ஒரு பாட்டியின் குரலைக் காப்பாற்றும் என்று காட்டியது இந்தச் சிறு பாகம். மூடிய ஐசி அதைக் காட்டாது.

அதனால் இறந்ததற்கு நாம் செய்ய வேண்டிய கடனும் தெளிவாகவே இருக்கிறது. பழைய ஆம்ப்ளிஃபயரிலோ தகர டப்பாவிலோ அசல் 170 வைத்திருப்பவர்கள் அதை நினைவுப் பொருளாகப் பூட்டி வைக்க வேண்டாம். விலை ஏறட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். ஒரு நல்ல கசெட் இயந்திரத்தின் தலைக்கு அடுத்தபடியாக அதை வையுங்கள். பக்கத்து லயத்தில், பக்கத்து வீட்டில் பெட்டியடியில் கிடக்கும் நாடாக்களை வாங்கித் துடைத்து ஓடவிடுங்கள். மாற்றிய கோப்பில் இரைச்சல் நீக்கும் மென்பொருளைத் தொடாத ஒரு பிரதியையும் சேர்த்து வையுங்கள். டிரான்சிஸ்டர் தீர்ந்தால் எல்எஸ்கே170 தருவிக்கலாம், இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் தபால் செலவும் தாங்கும். குரலுக்கு அப்படி மாற்று வடிவம் கிடையாது. முதல் படியை அமைதியாக வைத்திரு என்று 2எஸ்கே170 வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொடுத்தது. அந்தப் பாடத்தை எந்தப் பாகத்தைக் கொண்டும் நடத்தலாம். நாடாக்கள் முழுவதும் பூஞ்சையாவதற்கு முன் நடத்த வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.